சாவி கொடுத்தும் கிளம்பாத புல்வெட்டி: ஒரு பழைய ஸ்டார்ட்டரின் நிகழ்வு ஆய்வு

இயந்திரம்: 1960-களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட, பின்னால் நடந்து தள்ளும் புல்வெட்டி. 3 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், அலுமினிய எஞ்சின். எஞ்சினின் சுழல் அச்சான கிராங்க் ஷாஃப்ட் நட்டுக்குத்தாக நிற்கும். அதன் கீழ்முனையில் பிளேடு, மேல்முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம், அதற்கும் மேலே ஸ்டார்ட்டர். புகார், உரிமையாளர் வார்த்தையில்: "சாவி கொடுத்து விட்டா ஒரு உதறு உதறும், 'டங்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

அதை வண்டியிலிருந்து இறக்கும்போதே என் கண் எஞ்சினின் தலைக்குத்தான் போனது. இழுக்கிற கயிறு இல்லை. கருப்புக் குமிழ் போட்ட மடக்குக் கைப்பிடி ஒன்று படுத்துக் கிடந்தது. பழைய சிறு எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அந்தக் கைப்பிடியைப் பார்த்தால் ஆசையும் பயமும் ஒன்றாக வரும். கைப்பிடியை நிமிர்த்தி, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தடித்த பட்டை ஸ்பிரிங் இறுகும். கைப்பிடியை மடக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால் சேர்த்துவைத்த விசை முழுவதும் ஒரே மூச்சில் கிராங்க் ஷாஃப்டுக்குப் போய்ச் சேரும். எஞ்சின் நன்றாக இருந்தால் அந்த ஒரு மூச்சே போதும்.

பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். புல்வெட்டி அவருடைய அப்பா வாங்கியது. "சின்ன வயசுல எனக்கு இதுக்குச் சாவி கொடுக்க மட்டும்தான் அனுமதி தம்பி. நெம்புகோல அப்பாதான் தள்ளுவார்," என்றார். அப்போது சிரித்துக்கொண்டேன். அவருடைய அப்பா விவரம் தெரிந்த மனிதர் என்பது பிறகுதான் உறைத்தது.

கயிற்றிலிருந்து ஸ்பிரிங்குக்கு

இந்தப் பழுதைப் புரிந்துகொள்ள, இப்படி ஒரு ஸ்டார்ட்டர் எதற்காக வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில், துணியின் மேற்பரப்பைச் சிரைக்கும் இயந்திரத்தைப் பார்த்து எட்வின் பட்டிங் 1830-ல் புல்வெட்டிக்குக் காப்புரிமை வாங்கியபோது ஸ்டார்ட் செய்ய அதில் எதுவும் கிடையாது, தள்ளுகிறவர்தான் எஞ்சின். ரான்சம்ஸ் நிறுவனம் 1902-ல் பெட்ரோல் எஞ்சின் வைத்து விற்கத் தொடங்கியது. 1921-ல் வந்த ஆட்கோ, மோட்டார் புல்வெட்டியைப் பெரிய மாளிகைத் தோட்டங்களுக்கு வெளியேயும் கொண்டுபோனது. இவையெல்லாம் உருளை வெட்டிகள். எஞ்சினின் ஷாஃப்ட் படுக்கையாக இருக்கும். அதனால் கைப்பிடி போட்டுச் சுற்றலாம், மோட்டார் சைக்கிள்போலக் காலால் உதைக்கவும் வழி செய்யலாம். அப்படிச் செய்தும் இருந்தார்கள்.

சுழல் பிளேடு புல்வெட்டிகள் வந்தபோது ஷாஃப்ட் நட்டுக்குத்தாக நின்றுவிட்டது. சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952-ல் பீச் பழ டின் ஒன்றைப் பெட்ரோல் டேங்க்காக வைத்துச் செய்த முதல் மாதிரியில் வில்லியர்ஸ் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார். பிளேடு தரைக்கு இணையாகச் சுழல வேண்டுமென்றால் அதுதான் வழி. அப்படி வைத்துவிட்டால் காலால் உதைக்க இடமில்லை. ஷாஃப்டின் தலை மேலே வந்துவிடுகிறது. அங்கே ஒரு கயிற்றுச் சக்கரம். குனிந்து, ஒரு காலை இரும்புத் தட்டின் மேல் ஊன்றி, கயிற்றைத் தரைக்குச் சமமாக வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

நான் இந்த வேலையைக் கற்றது அந்தக் கயிற்றில்தான். மூன்று நான்கு அடிக் கயிறு, ஒரு முனையில் மரப்பிடி, மறுமுனையில் முடிச்சு. முடிச்சைச் சக்கரத்தின் வெட்டில் மாட்டி, இரண்டரைச் சுற்றுச் சுற்றி இழுத்தால் கயிறு கழன்று கையோடு வந்துவிடும். எஞ்சின் எடுக்கவில்லையென்றால் திரும்பவும் மாட்டு, திரும்பவும் சுற்று. பின்னால் யாராவது நின்றால் கழன்ற கயிறு சாட்டைபோல முகத்தில் விழும். பிடியை விட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுப்பவன் ஒருநாள் விரலை இழப்பான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தினமும் சொல்வார். காரணம் எதிர் உதை. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு வெகு முன்பே தீப்பொறி விழுந்தால் எஞ்சின் பின்பக்கமாகத் திரும்பும். சக்கரத்தில் மிச்சமிருக்கும் கயிறு கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அது தரும் வலியை யாரும் மறப்பதில்லை. ஆனால் அந்த வலி ஒரு தகவலும்கூட. டைமிங் தவறிவிட்டது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் மணிக்கட்டு சொல்லிவிடும்.

ஸ்பிரிங் ஸ்டார்ட்டர் வந்தது இந்த வலியை நீக்கத்தான். பலம் குறைந்தவர்களும் நிதானமாகச் சுற்றலாம்; எஞ்சினைத் திருப்பும் அந்த நொடியில் கை எதையும் பிடித்திருக்காது. 1960-களில் சிறு புல்வெட்டிகளில் இது பரவலாக இருந்தது. கை விலகியதும் கைக்கு வந்துகொண்டிருந்த தகவலும் நின்றுபோனது. எதிர் உதையை இப்போது ஸ்பிரிங் வாங்கி விழுங்கிக்கொள்கிறது. வெளியே வருவது ஒரு 'டங்' மட்டும்.

முதல் நாள்: நான் போன தப்பு வழிகள்

முதல் சந்தேகம் ஸ்பிரிங் மேல். இத்தனை வருடம் கழித்து அது தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம். இதற்கு எளிய சோதனை உண்டு. நெம்புகோலை ஸ்டார்ட் நிலையிலேயே விட்டுவிட்டு, பிளக் வயரைக் கழற்றி, கைப்பிடியைப் பத்துச் சுற்று வரை சுற்ற வேண்டும். எஞ்சின் திரும்பினால் ஸ்பிரிங்கும், அதன் விசையை ஷாஃப்டுக்குக் கொடுக்கும் கிளட்ச்சும் வேலை செய்கின்றன. திரும்பவில்லை, மேலே தெரியும் ராட்செட்டும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங் உடைந்திருக்கும். ராட்செட் அசைந்தும் எஞ்சின் திரும்பாவிட்டால் கிளட்ச்சுக்குள் இருக்கும் எஃகுக் குண்டுகள் பிடிக்கவில்லை என்று அர்த்தம். யாரோ நல்லெண்ணத்தில் எண்ணெய் விட்டிருப்பார்கள். அந்தக் குண்டுகள் காய்ந்த இடத்தில்தான் ஓடும், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். இங்கே ஐந்தாவது சுற்றிலேயே எஞ்சின் திரும்பியது. ஸ்பிரிங் மேல் குற்றமில்லை.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம். ஸ்டார்ட்டரோடு மேல் உறையைக் கழற்றி வைத்துவிட்டு ஃப்ளைவீலைக் கையால் திருப்பினேன். வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. ரிங் போய்விட்டது, சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று பெரியவரிடம் சொல்லவே வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை சொல்லவில்லை. அந்தக் காலத்து எஞ்சின்கள் சிலவற்றில் வால்வைத் திறக்கும் கேம் மேட்டிலேயே சின்னச் சரிவு ஒன்று வைத்திருப்பார்கள். கம்ப்ரஷன் தொடங்கும் நேரத்தில் உள்வால்வை அது இம்மியளவு திறந்தே வைத்திருக்கும். ஸ்டார்ட் செய்பவருக்குப் பாரம் குறையும்; எஞ்சின் வேகம் எடுத்த பிறகு அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. இப்படிப்பட்ட எஞ்சினில் ஓடுகிற திசையிலேயே திருப்பிக் கம்ப்ரஷனைத் தேடினால் கிடைக்காது. எதிர்த்திசையில் ஃப்ளைவீலை வேகமாகச் சுண்டிவிட வேண்டும். சுண்டினேன். சுவரில் பட்ட பந்துபோல் திரும்பி வந்தது. சிலிண்டர் கல் மாதிரி இருக்கிறது.

பெட்ரோல் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன், காய்ந்த டயாஃப்ரத்தை மாற்றினேன். அது எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

தீப்பொறி? பிளக்கைக் கழற்றி சிலிண்டர் தலையில் வைத்துத் திருப்பினால் நீலமாக, தடியாக, சத்தத்தோடு விழுந்தது. இவ்வளவு பழைய எஞ்சினில் இவ்வளவு நல்ல பொறியா என்று எட்டிப் பார்த்தபோது, பொறிக்கான மின்சாரம் தரும் காயிலோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் கருப்புப் பெட்டி இருந்தது. காயிலின் மின்சுற்றை உரிய நேரத்தில் வெட்டிப் பொறி விழச் செய்யும் தொடுமுனைதான் பாயிண்ட்; அதற்குப் பதிலாகப் போடும் எலக்ட்ரானிக் பெட்டி இது. 1982-ல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் மேக்னட்ரான் என்ற பெயரில் பாயிண்ட் இல்லாத இக்னிஷனைக் கொண்டுவந்தபோது இதுமாதிரிப் பெட்டிகள் பழக்கத்துக்கு வந்துவிட்டன. பழைய பாயிண்ட் எஞ்சின்களிலும் மாட்டலாம். பாயிண்டுக்குப் போகும் வயரை வெட்டிவிட்டுப் பெட்டியைக் கோத்தால் வேலை முடிந்தது. இங்கேயும் யாரோ அதைத்தான் செய்திருந்தார்கள். நல்ல பொறி, நல்ல கம்ப்ரஷன், நல்ல பெட்ரோல். எல்லாவற்றையும் பூட்டி, சாவி கொடுத்து, நெம்புகோலைத் தள்ளினேன். ஒரு உதறு. டங். அமைதி.

ஒரு முழு நாள் போய்விட்டது.

இரண்டாம் நாள்: கயிறு சொன்னது

மறுநாள் காலை ஸ்டார்ட்டர் உறையை மறுபடி கழற்றினேன். ஃப்ளைவீல் நட்டாகவும் வேலை செய்யும் அந்தக் குண்டு கிளட்ச்சைத் திருகி எடுத்துவிட்டு, அதே மரை உள்ள ஒரு பழைய கயிற்றுச் சக்கரத்தை அதன் இடத்தில் பூட்டினேன். இப்படி எதற்காவது உதவும் என்று பல வருடமாக டப்பாவில் கிடந்தது. இரண்டரைச் சுற்று, பிடியில் மூன்று விரல் மட்டும், இழு.

பிடி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் இரும்புத் தட்டில் மோதியது. எஞ்சின் தெளிவாகப் பின்பக்கம் உதைத்திருந்தது. ஒரு நாள் முழுக்க ஸ்பிரிங் மறைத்து வைத்திருந்ததைக் கயிறு ஒரே இழுப்பில் சொல்லிவிட்டது. பொறி நன்றாக விழுகிறது, ஆனால் விழக்கூடாத நேரத்தில் விழுகிறது. முந்தின நாள் நான் பொறியின் நிறத்தைப் பார்த்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை.

டைமிங் தானாக மாறாது. பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஐயா, இது எப்பவாவது எதுலயாவது மோதிச்சா?"

"மோதலையே தம்பி..." என்று இழுத்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "புல்லுக்குள்ள ஒரு இரும்புக் குழாய் மொட்டையா நின்னுச்சு. அப்பா தெரியாம மேல ஏத்திட்டார். அடிச்ச அடியில அப்படியே நின்னுபோச்சு. அதெல்லாம் நான் பள்ளிக்கூடம் போறப்ப நடந்தது. அப்புறமும் ஓடிச்சே!" என்றார்.

"எப்படி ஓடிச்சு?"

"முன்ன மாதிரி முதல் சாவிக்கு எடுக்காது. மூணு, நாலு தடவ கொடுக்கணும். ரொம்ப வருஷம் கழிச்சு ஒருத்தர் பாயிண்ட் போச்சுன்னு சொல்லி ஏதோ புதுசா மாட்டினார். அன்னையிலிருந்துதான் இந்த 'டங்'."

இதற்கு மேல் கழற்றிப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம்தான். ஆனாலும் பார்த்தேன். கயிற்றுச் சக்கரத்தை எடுத்து, துருவில் ஒட்டிக்கிடந்த வாஷரை நெம்பி விலக்கியதும் தெரிந்தது: ஷாஃப்டில் வெட்டிய பள்ளமும் ஃப்ளைவீலில் வெட்டிய பள்ளமும் நேராக இல்லை. காலையில் கிளட்ச்சைக் கழற்றியபோதே அந்த வாஷரையும் எடுத்திருந்தால் கயிறே தேவைப்பட்டிருக்காது. துரு பிடித்த வாஷர், எதற்கு வம்பு என்று விட்டிருந்தேன்.

நடந்தது என்ன

இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே ஒரு சிறு உலோகத் துண்டு இருக்கும். பட்டறையில் அதற்கு 'கீ' என்று பெயர். மேலே கொடுக்கிற சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ளைவீலை ஷாஃப்டில் இறுக்கிப் பிடிப்பது கூம்பு வடிவப் பொருத்தமும் மேலே இறுக்கும் நட்டும்தான். ஃப்ளைவீல் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதைக் காட்டுவதே கீயின் வேலை. அதை வேண்டுமென்றே மெதுவான உலோகத்தில் செய்வார்கள், பெரிய அடி விழுந்தால் விலை உயர்ந்த பாகங்களுக்கு முன் அது நசுங்கட்டும் என்று. அன்றைக்குக் குழாயில் மோதி பிளேடும் ஷாஃப்டும் ஒரு கணத்தில் நின்றன. கனமான ஃப்ளைவீல் நிற்கவில்லை. ஓடிய திசையிலேயே கொஞ்சம் முன்னேறிக் கீயைப் பாதி கத்தரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. அளந்தேன்: ஒன்றரை மில்லிமீட்டர். 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்டில் அது ஏறத்தாழ 9 டிகிரி.

இந்த எஞ்சினில் பாயிண்டைத் திறப்பது ஷாஃப்டில் தட்டையாகச் செதுக்கிய ஒரு முகம். சின்ன பிளஞ்சர் ஒன்று அதன் மேல் உட்கார்ந்து பாயிண்டைத் தள்ளும். ஆகவே ஃப்ளைவீல் நகர்ந்தாலும் பாயிண்ட் திறக்கும் நேரம் மாறவில்லை. மாறியது காந்தம் வரும் நேரம். காந்தம் ஃப்ளைவீலில் இருப்பதால் அது காயிலைச் சற்று முன்பே கடந்துவிடுகிறது; பாயிண்ட் திறக்கும்போது காயிலில் வலு இறங்கத் தொடங்கியிருக்கும். நேரம் சரி, பொறி சோகை. மூன்று நான்கு தடவை சாவி கொடுத்தால்தான் எடுத்தது இதனால்தான்.

சோகைப் பொறியைப் பார்த்தவர் பாயிண்டைச் சந்தேகித்ததில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் எலக்ட்ரானிக் பெட்டிக்கு ஷாஃப்ட் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. காந்தம் கடக்கும்போது அது பொறியை விடும், அவ்வளவுதான். காந்தம் 9 டிகிரி முந்தினால் பொறியும் 9 டிகிரி முந்தும். சோகைப் பொறி சரியான நேரத்தில் விழுந்துகொண்டிருந்த எஞ்சின், அந்த ரிப்பேருக்குப் பிறகு, வலுவான பொறி தப்பான நேரத்தில் விழும் எஞ்சினாக மாறிவிட்டது. கயிறு வைத்த புல்வெட்டியாக இருந்திருந்தால் மாட்டிய அன்றே அவர் மணிக்கட்டு அதைச் சொல்லியிருக்கும்.

செய்த வேலை

ஃப்ளைவீலைப் புல்லர் வைத்துக் கழற்றினேன். சுத்தியலால் தட்டி எடுப்பவர்கள் உண்டு. காந்தத்துக்கும் ஷாஃப்டுக்கும் அது நல்லதல்ல. கூம்பு முகம் இரண்டையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன். குழாயில் மோதிய ஷாஃப்ட் வளைந்திருக்குமோ என்ற கவலை இருந்தது. பிளக் இல்லாமல் மெதுவாகச் சுற்றவிட்டுக் கீழ்முனையைக் குறிமுள்ளுக்கு எதிரே பார்த்தேன், ஆட்டமில்லை. புதுக் கீயும் மெதுவான உலோகம்தான். எஃகில் போட்டால் இனி நசுங்காதே என்று பெரியவர் கேட்டார். நசுங்காது, அடுத்த அடியில் ஃப்ளைவீலோ ஷாஃப்டோ போகும் என்றேன்.

ஒரு விஷயத்தை நிரூபித்துவிட ஆசை. பெட்டியைக் கழற்றிவிட்டு, வெட்டிக் கிடந்த வயரை இணைத்தேன். பாயிண்ட் முகத்தைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைத்து, கண்டென்சரை மட்டும் மாற்றினேன். ஃப்ளைவீலைப் பூட்டி 55 அடி-பவுண்டுக்கு இறுக்கினேன். பொறி நன்றாகவே விழுந்தது. பாயிண்ட் போகவே இல்லை. பெட்டியைத் திரும்ப மாட்டவா என்று கேட்டதற்கு, "அப்பா வெச்சிருந்த மாதிரியே இருக்கட்டும்," என்றார். பராமரிப்பு குறைவு என்ற கணக்கில் பெட்டிதான் மேல். அவர் புல்வெட்டி, அவர் இஷ்டம். உறையிலிட்டுக் கையில் கொடுத்துவிட்டேன்.

ஸ்டார்ட்டரைப் பூட்டுவதற்கு முன் அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சாவி கொடுத்த ஸ்பிரிங்குக்குப் பிளக் வயர் கழன்றிருக்கிறதா என்பது தெரியாது. பிளேடில் கட்டை மாட்டி எஞ்சின் திரும்பாமல் நிற்கும்போது, கையை விட்டு அதை எடுத்தால், எடுத்த கணத்தில் ஸ்பிரிங் பிளேடைச் சுழற்றிவிடும். ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது ஸ்டார்ட்டரைக் கழற்றவே கூடாது. விசையை முதலில் விடுவிக்க வேண்டும். நெம்புகோல் வேலை செய்யாத சில மாடல்களில், கைப்பிடியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதன் ஸ்க்ரூவை எடுத்துத்தான் விடுவிக்க முடியும். ஸ்பிரிங்கைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுப்பது என் பட்டறையில் தடை. அப்பா நெம்புகோலை மகனிடம் கொடுக்காததன் காரணம் இதுதான்.

இந்த ஸ்டார்ட்டர்கள் நிலைக்கவில்லை. தானே சுருட்டிக்கொள்ளும் கயிறு மலிந்துவிட்டது. அமெரிக்காவில் 1982-ல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி, கைப்பிடியை விட்டால் 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்றது. பல தயாரிப்பாளர்கள் எஞ்சினையே நிறுத்திவிடும் வழியை எடுத்தார்கள். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கையால் ஸ்டார்ட் செய்யும் இத்தகைய புல்வெட்டிகளில், தட்டைச் சுற்றி முழுத் தடுப்பு இல்லையென்றால், ஸ்டார்ட்டர் பிடி தள்ளும் கைப்பிடியின் உச்சியிலிருந்து 24 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. எஞ்சின் தலையில் குனிந்து சாவி கொடுக்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

மூன்றாம் நாள் மாலை பெரியவர் சாவி கொடுத்தார். ஆறு சுற்று. கைப்பிடியை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நெம்புகோலையும் அவரையே தள்ளச் சொன்னேன். முதல் சாவிக்கே எடுத்துக்கொண்டது.

குறிப்பேட்டில் ஒன்று பாக்கி இருக்கிறது. பாயிண்ட் இருக்கும் கூட்டுக்குள் லேசாக எண்ணெய்க் கறை இருந்தது; பிளஞ்சர் துளை தேய ஆரம்பித்திருக்கலாம். பிளஞ்சரின் நீளம் 0.875 அங்குலம், 0.870-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். பள்ளம் உள்ள முனை பாயிண்ட் பக்கம் இருக்கும்படி மாட்டியிருக்கிறேன். தலைகீழாகப் போனால் எண்ணெய் மேலேறும். 25 மணி நேரம் ஓடிய பிறகு திறந்து பார்க்கக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.